தொப்பை இருக்க, தோள் போவானேன்?

கேள்வி: சோற்றைப் பாதியாக்கி, தினமும் நடந்து 6 கிலோ குறைத்துவிட்டேன். தொப்பை அப்படியே இருக்கிறது; கைதான் குச்சியாகிவிட்டது. எடை குறைக்கத்தானே பார்க்கிறேன், ஜிம் எதற்கு?
- வாசகர், திருச்சி

பதில்: போன 6 கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று எடை மெஷின் சொல்லாது. உங்கள் சட்டைக் கை சொல்லிவிட்டது! வருமானம் குறைந்த வீடு வீண் செலவைத்தான் முதலில் வெட்டும். உடம்பும் வேலையில்லாத தசையைக் கரைத்துவிடும். எடை தூக்குங்கள், தசைக்கு வேலை கிடைக்கும்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. இளைஞர்கள் 40 பேருக்கு 4 வாரம் கலோரியில் 40 சதவீதம் வெட்டு. வாரம் 6 நாள் கடும் பயிற்சி. உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பு போனது. கொழுப்பில்லா எடை 1.2 கிலோ கூடியது! பாதி புரதம் சாப்பிட்டவர்களுக்கு அது கூடவில்லை, குறையவும் இல்லை.

அவ்வளவு கடுமை உங்களுக்கு வேண்டாம். கிலோவுக்கு 1.6 கிராம் போதும். 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். ஒரு முட்டையிலேயே 6 கிராம்தான்; சாம்பார்ப் பருப்பை மட்டும் நம்பி இறங்காதீர்கள். மீன், கோழி, சுண்டல், பனீர், சோயா எல்லாம் தட்டுக்கு வரட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலில் டாக்டர். வாரம் 3 நாள் ஸ்குவாட், தண்டால், டம்பெல். டயட்டில் சோர்வு வந்தால் செட்டைக் குறையுங்கள், தூக்கும் எடையைக் குறைக்காதீர்கள். இடுப்பை அளக்க ஒரு இஞ்ச் டேப்பும் வாங்கிவிடுங்கள்.