பெட்ரோல் ஒழுகினால் குழாய் இலவசம்

எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் விரிசல் விட்டால் அதை என்ன செய்ய வேண்டும்? எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் கிரீஸ் கையோடு நிற்கும் பையனைக் கேட்டுப் பாருங்கள். "மாத்தணும் சார்" என்பான். அவன் வாகனப் பொறியியல் படித்தவனில்லை, பங்குச் சந்தையும் அறியாதவன். அதனால் சரியான பதில் சட்டென்று வந்துவிடுகிறது.

ஃபோர்டு நிறுவனத்தில் இரண்டும் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். 2022 நவம்பரில் அவர்கள் எஸ்கேப், பிரான்கோ ஸ்போர்ட் என்ற இரண்டு சிறிய எஸ்யூவிகளைப் பழுது நீக்கத் திரும்ப அழைத்தார்கள், அதாவது ரீகால். அமெரிக்காவில் மட்டும் 5 லட்சத்து 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். அவற்றின் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சினில் இன்ஜெக்டர் விரிசல் விடலாம். கசியும் பெட்ரோலோ அதன் ஆவியோ சூடான பாகத்தில் பட்டுத் தீப்பிடிக்கலாம். பானெட்டுக்குள் தீப்பிடித்ததாக அதற்குள் 54 தகவல்கள் வந்திருந்தன.

இன்ஜெக்டரை மாற்றினார்களா? அவ்வளவு அவசரம் எதற்கு! வைத்தியம் இரண்டு சொன்னார்கள். முதலாவது ஒரு சாஃப்ட்வேர். பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும். எஞ்சின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓட்டுபவர் ஓரங்கட்டி இறங்கிக்கொள்ளலாம். இரண்டாவது ஒரு வடிகுழாய். கசிகிற பெட்ரோல் சூடான பாகத்தில் படாமல் அந்தக் குழாய் வழியாகத் தரையில் போய்ச் சேரும். கூரை ஒழுகும் வீட்டில் குடியிருப்பவர் அண்டா வைப்பது உலக வழக்கம். வீட்டுக்காரரே அண்டாவோடு வந்து, அதைக் கீழே வைத்துவிட்டு, "கூரை சரிசெய்தாயிற்று" என்று எழுதி வாங்கிக்கொண்டு போவது இங்கேதான்.

கூடவே ஒரு பெருந்தன்மையும் உண்டு. இன்ஜெக்டர் விரிசல் விட்டால் மாற்றித்தர 15 ஆண்டு வாரண்டி. முதலில் அது உடைந்து காட்டவேண்டும், பிறகு மாற்றுவார்கள். வண்டியை ஓட்டாமல் நிறுத்தும்படியும் சொல்லவில்லை, தீப்பிடிப்பது அரிதுதானாம். அரிதுதான். ஆனால் அந்த அரிதான வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பது யாருடைய குழந்தை என்பதை விழுக்காட்டுக் கணக்கு சொல்லாது.

இது ஒருநாள் உதித்த யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். கொள்கை அதற்கு நான்கு மாதம் முன்பே வகுக்கப்பட்டுவிட்டது. 2022 ஜூலையில் எஸ்கேப் உள்ளிட்ட ஹைபிரிட் வண்டிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைக்கப்பட்டன. 2.5 லிட்டர் எஞ்சின் உடைந்தால் ஆயிலும் பெட்ரோல் ஆவியும் வெளியேறித் தீப்பற்றும் அபாயம். எஞ்சின் ஏன் உடைகிறது என்பதற்கா மருந்து? இல்லை. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் தகட்டையும் முன்புற கிரில்லுக்குப் பின்னால் உள்ள அடைப்புத் தகடுகளையும் மாற்றியமைத்தார்கள். ஆயில் தேங்காமல் இறங்கிப் போகட்டும், ஆவி தாராளமாக வெளியேறட்டும் என்பது நோக்கம். அடுத்த ஆண்டே அந்த வண்டிகளை மறுபடியும் அழைக்க வேண்டியதாயிற்று. ஆக, ஃபோர்டின் பாதுகாப்புத் தத்துவத்தை மூன்றே சொல்லில் அடக்கலாம்: உடையட்டும், ஒழுகட்டும், வழிவிடு.

எஸ்கேப்பின் ஜாதகத்தையே எடுத்துப் பாருங்கள். 2013 மாடல் சந்தைக்கு வந்த சூட்டோடு, 2012 ஜூலையில், சுமார் 11,500 பேருக்குச் செய்தி போனது: வண்டியை உடனே நிறுத்துங்கள், ஓட்டாதீர்கள். பெட்ரோல் குழாயில் கசிவு, தீ அபாயம். புதுக்காருக்குப் பொட்டு வைத்த ஈரம் காய்வதற்குள் டீலர் ஆள் அனுப்பி வண்டியை எடுத்துக்கொண்டு போகும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அந்தத் தலைமுறை வண்டியில் கியர் கேபிளைப் பிடித்திருக்கும் சிறு புஷ் ஒன்று உண்டு. அது தேய்ந்தோ கழன்றோ போனால், கியர் லீவர் 'பார்க்' என்று காட்டும், வண்டி உருண்டு போகும். ஓட்டுநர் இறங்கிவிடுவார், கார் இறங்காது. அந்தப் புஷ்ஷுக்காக 2018-ல் ஒரு ரீகால், பிறகு இன்னும் சில, கடைசியாக 2022 ஜூனில் எஸ்கேப்போடு வேறு மாடல்களையும் சேர்த்து 29 லட்சம் வண்டிகளுக்கு ஒரு ரீகால். விரல் அளவுப் பொருள் ஒன்றை ஒழுங்காகச் செய்ய நான்கு ஆண்டு தவம்.

வடிகுழாய்க் கதைக்கு வருவோம். 2024-ல் அதே இன்ஜெக்டருக்காக இன்னும் 42 ஆயிரம் வண்டிகளை அழைத்து அதே குழாயை மாட்டினார்கள். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆணையமான நிட்சாவுக்கே அப்போதுதான் உறைத்தது, "இது வைத்தியமா?" என்று விசாரணை தொடங்கியது. 2025 ஜூலையில் ஃபோர்டு மறுபடியும் கடை விரித்தது: 6 லட்சத்து 94 ஆயிரம் வண்டிகள், அதே இன்ஜெக்டர், அதே தீ. முன்பே வந்து குழாய் மாட்டிக்கொண்டு போனவர்களும் திரும்ப வரவேண்டும். நிரந்தரத் தீர்வோ இன்னும் உருவாக்கத்தில் இருக்கிறது என்ற பின்குறிப்பு வேறு. ஏறக்குறைய மூன்று ஆண்டாக லட்சக்கணக்கான குடும்பங்கள் 'சரிசெய்யப்பட்டது' என்ற பதிவோடு சரிசெய்யப்படாத வண்டியில் போய்வந்திருக்கின்றன.

சாதனைப் பட்டியலிலும் நிறுவனம் சளைக்கவில்லை. 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆண்டு முழுதும் பாடுபட்டு 77 ரீகால் என்ற சிகரத்தைத் தொட்டது. 2025-ல் ஃபோர்டு அதை ஆறே மாதத்தில் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டுதான், பின்கேமரா பழுதுள்ள வண்டிகளைக் காலத்தில் திரும்ப அழைக்கவில்லை என்று நிட்சா 16.5 கோடி டாலர் வரை அபராதம் விதித்திருந்தது. ஏர்பேக் புகழ் தகாட்டாவுக்கு அடுத்தபடியாக அந்த ஆணையத்தின் வரலாற்றிலேயே இரண்டாவது பெரிய அபராதம். ரீகால் குவிவதைப் பொறுப்புணர்வு என்று மெச்சுபவர்களும் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்வதில் இத்தனை சுறுசுறுப்பு காட்டுபவர்கள் அதைச் செய்யாமலிருப்பதில் கொஞ்சம் காட்டக்கூடாதா?

இந்தக் கூத்துக்கு வாசல் திறந்து வைத்திருப்பது சட்டமேதான். 1966-ல் அமெரிக்கா இயற்றி, பின்னர் திருத்திய வாகனப் பாதுகாப்புச் சட்டம் பல வகையில் நல்ல சட்டம். குறையை ஒளிக்காதே, உரிமையாளருக்குத் தெரிவி, இலவசமாகச் சரிசெய் என்கிறது. ஆனால் எப்படிச் சரிசெய்வது என்பதை நிறுவனத்தின் கையிலேயே கொடுத்துவிட்டது. நிட்சா முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தரவேண்டியதில்லை. மருந்துச் சீட்டை நோயைக் கொடுத்தவரே எழுதுகிறார். இன்ஜெக்டர் விலை ஒரு பக்கம், குழாய் விலை ஒரு பக்கம், நடுவில் கால்குலேட்டர். தீர்ப்பு என்னவாக இருக்கும்?

டெட்ராய்ட் சண்டை நமக்கெதற்கு என்று நினைப்பவர்கள் செங்கல்பட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். அமெரிக்காவில் விற்ற எகோஸ்போர்ட் என்ற குட்டி எஸ்யூவி நம் மறைமலை நகரிலிருந்து கப்பலேறியது. அதில் இருந்த 1.0 லிட்டர் எஞ்சினின் குடும்பம் 2012, 2013, 2014 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து உலகின் சிறந்த எஞ்சின் விருது வாங்கியது. 2023 டிசம்பரில், 2018 முதல் 2022 வரையிலான எகோஸ்போர்ட்டுகளும் சில ஃபோகஸ் கார்களுமாக 1,39,730 வண்டிகள் அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்டன. ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட்டும் அதன் டென்ஷனரும் பழுதாகலாம். ஆயில் அழுத்தம் போய், ஓடும்போதே எஞ்சின் நின்று, பிரேக்கின் துணைவிசையும் போகலாம். விருதுக் குழு அழகைப் பார்த்தது. நெடுஞ்சாலை நடுவில் நின்றுபோன வண்டிக்காரர்கள் மீதியைப் பார்த்தார்கள். நிட்சாவுக்குப் புகார் எழுதியவர்கள் அவர்கள்தான். அங்கே பெல்ட்டையும் டென்ஷனரையும் மாற்றித்தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. மாற்ற முடியும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதே ஆலையின் எகோஸ்போர்ட்டை நம் ஊர்க்காரரும் வாங்கினார். 2015-ல் பின் சஸ்பென்ஷன் போல்ட்டுக்காக 16,444 வண்டிகள், 2018-ல் முன் சக்கரத்தைத் தாங்கும் பாகத்தின் வெல்டிங்குக்காக 4,379 வண்டிகள் இங்கும் அழைக்கப்பட்டன. எந்தச் சட்டத்தின் கட்டாயத்தால்? எதுவும் இல்லை. அந்நாளில் இந்தியாவில் ரீகாலுக்குச் சட்டமே கிடையாது. 2012-ல் உற்பத்தியாளர் சங்கமான சியாம் தனக்குத்தானே எழுதிக்கொண்ட நடத்தை விதிதான் இருந்தது. கம்பெனிக்கு மனம் வந்தால் கூப்பிடும். வராவிட்டால் உங்கள் தலையெழுத்து.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2021 ஏப்ரல் முதல் விதிகளையும் கொண்டுவந்தோம். உரிமையாளர்களின் புகார் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் அரசு ரீகாலுக்கு உத்தரவிடலாம். அந்த எண்ணிக்கை சேரும்வரை நீங்கள் ஓட்டிக்கொண்டிருங்கள். ஏழு ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு இது பொருந்தாது. எட்டாம் ஆண்டில் தீ சுடாது போலும். அபராதம் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை. பத்து லட்ச ரூபாய்க் கார் விற்பவருக்கு அதிகபட்சத் தண்டனை பத்துக் காரின் விலை! இந்தத் தொகையைக் கேட்டு எந்தத் தலைமை அலுவலகத்திலும் ஒருவர் தூக்கம் கெட்டிருந்தால் அது சிரித்துச் சிரித்துத்தான் கெட்டிருக்கும்.

2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, சுமார் 4,000 தொழிலாளர்களின் வயிற்றில் அடித்த ஃபோர்டு, 2025 அக்டோபரில் தமிழக அரசோடு 3,250 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. மறைமலை நகரில் மீண்டும் வேலை நடக்கப் போகிறது. செய்யப் போவது எஞ்சின். வேலை வரட்டும், வரவேற்போம். ஆனால் மாலையைக் கையில் எடுக்கும்போதே கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும்.

பழுதான பாகத்தை மாற்றாத எதையும் பழுது நீக்கம் என்று பதிவு செய்ய அனுமதிக்காதீர்கள். நிறுவனம் சொல்லும் மருந்தைச் சோதித்துப் பார்த்த பிறகே அரசு முத்திரை குத்தட்டும். அமெரிக்காவில் ஒருவர் எழுதும் புகாரை ஊரே படிக்கலாம். இங்கும் ஒவ்வொரு புகாரையும் பெயரை மறைத்துப் பொதுவில் வையுங்கள். அபராதத்தை விற்ற வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சர்வீஸ் சென்டரில் "அது அப்படித்தான் சார் இருக்கும்" என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள். எண்ணிக்கை சேர்ந்தால்தான் சட்டம் கண் திறக்கும் என்றால், எண்ணிக்கையைச் சேர்த்துக் கொடுப்போம்.