ஆய்வாளர்தம் சமூக வலைத்தள ஒழுக்கம்: ஐந்திணை நோக்கில் ஓர் ஆய்வு

கட்டுரையைப் படிக்க ஆள் தேடுவது பழைய மரபு. கட்டுரை வெளிவந்த செய்தியைப் படிக்க ஆள் சேர்ப்பது இன்றைய மரபு. இதை எவரும் முறையாக ஆராயவில்லை என்பதால் (ஆராய்ந்திருந்தாலும் நாம் தேடவில்லை என்பதால்) இவ்வாய்வு எழுகிறது. முகநூல், லிங்க்ட்இன், ரிசர்ச்கேட், துறை வாட்ஸ்அப் குழு ஆகியவை ஆய்வு எல்லை.

ஆய்வாளரின் வலைத்தள ஒழுக்கம் ஐந்திணையுள் அடங்கும். நட்பு அழைப்பு ஏற்கப்படுதல் குறிஞ்சி. லைக்குக்குக் காத்திருத்தல் முல்லை. குழுவிலிருந்து வெளியேறுதல் பாலை. கட்டுரை திருப்பி அனுப்பப்பட்ட இரவில் தத்துவப் படம் பகிர்தல் நெய்தல்.

மருதமோ விரித்துரைக்கத் தக்கது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். நம் கட்டுரை வெளிவந்த பதிவைக் கண்டும் காணாதவர்போல் கடந்த சக பேராசிரியர், அடுத்த நிமிடமே இன்னொருவர் வீட்டுப் பேரக்குழந்தைக்கு இதயம் இடுவது முதல்நிலை ஊடல் (ஆசிரியர் ஓய்வறை, வாய்மொழி). ‘வாழ்த்துகள்’ என எழுதி ‘சார்’ சேர்க்காமை இடைநிலை ஊடல் (மேலது, சர்க்கரை இல்லாத் தேநீர்ப் பதிப்பு). கைகூப்பும் படம் மட்டும் இடுவது கடைநிலை. அது பாராட்டா, இரங்கலா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர் (மேலது, குரல் தாழ்த்திய பகுதி, சொன்னவர் தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார், பிறகு தாம் சொன்னதையே சொல்ல வேண்டாம் என்றார்).

இனி அளவையியல். மரபணுத்தொகை ஆய்வாளர் நீல் ஹால் 2014இல் ‘ஜீனோம் பயாலஜி’ இதழில் ‘கர்தாஷியன் குறியீடு’ ஒன்றை முன்வைத்தார். ஒருவர் பெற்ற மேற்கோள்களுக்கு எத்தனை ட்விட்டர் பின்தொடர்வோர் இருக்கத் தகும் என்று கணக்கிட்டு, உண்மையில் இருப்போரை அதனால் வகுக்க வேண்டும். விடை 5ஐத் தாண்டியவர் ட்விட்டரை விட்டுக் கட்டுரை எழுதப் போகலாம் என்பது அவர் அறிவுரை. அவர் எழுதியது பாதி வேடிக்கை. பின்வந்த அறிஞர்கள் அக்குறியீட்டைக் கொண்டு மெய்யாகவே கணக்குப் போட்டுக் கட்டுரை வெளியிட்டனர். வேடிக்கை அத்துடன் முழுமை பெற்றது.

ரிசர்ச்கேட் ஆய்வாளர்க்கு இட்டுவந்த மதிப்பெண்ணை 2022இல் கைவிட்டது. தன்விவரக் குறிப்புகளில் அது இன்றும் வாழ்கிறது.

மேற்கோளையேனும் நம்பலாமே என்பார்க்கு லாரி என்னும் பூனையைக் காட்டுவோம். 2024இல் இரு ஆய்வாளர்கள் லாரியின் பெயரில் பொருளற்ற கட்டுரைகள் 12 புனைந்தனர். அவற்றை மேற்கோள் காட்டவென்றே வேறு சிலவும் புனைந்து ரிசர்ச்கேட்டில் ஏற்றினர். கூகுள் ஸ்காலர் லாரிக்கு 132 மேற்கோள்கள் வழங்கியது. மேற்கோள்களைப் போலியாகப் பெருக்குவது எவ்வளவு எளிது என்று காட்டவே அவர்கள் இதைச் செய்தனர். நம்மவருள் சிலர் இதிலிருந்து வேறு பாடம் கற்றதாக அறிகிறோம் (ஓய்வறை, கதவு சாத்திய பதிப்பு).

எனவே அறிஞர் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: இக்கட்டுரையின் இணைப்பு இன்று மாலை துறைக் குழுவில் வரும். திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘சார்’ மட்டும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.