கெட்டில் மேடையில் பெவரிட்ஜ்: பிரிட்டன் அலுவலகங்களின் தேநீர் முறை பற்றி ஓர் ஆய்வு

உழைப்பைப் பற்றியும் அரசு தரும் உதவித்தொகையைப் பற்றியும் பிரிட்டன் மக்கள் கொண்டிருக்கும் கருத்துகள் எங்கே உருவாகின்றன என்ற கேள்விக்கு நாடாளுமன்றம், நாளிதழ், தேர்தல் மேடை எனப் பல இடங்கள் விடையாகச் சுட்டப்பட்டிருந்தாலும், அலுவலகத்தின் மூலையில் குளிர்பதனப் பெட்டிக்கும் கழுவுதொட்டிக்கும் நடுவே மூன்று கிலோவாட் கெட்டில் ஒன்று உட்கார்ந்திருக்கும் இரண்டடி மேடையை எவரும் உரிய மரியாதையுடன் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. யார் உழைக்கிறார்கள், யார் ஓசியில் குடிக்கிறார்கள் என்பதில் பிரிட்டன்காரருக்கு இருக்கும் தீராத அக்கறை, அம்மேடையில்தான் நாள்தோறும் பயிற்சி பெறுகிறது என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து.

தேநீர் முறை என்பது, ஓர் அறையில் சேர்ந்து வேலை செய்வோரில் ஒருவர் எழுந்து, “யாருக்காவது டீ?” என்று பொதுவாகக் கேட்டு, வேண்டும் என்ற அனைவருக்கும் போட்டுக் கொண்டுவருவதும், அடுத்த வேளைக்கு வேறொருவர் அவ்வாறே எழுவதுமான ஏற்பாடு. ஒரே வளவில் பல குடித்தனங்கள் இருந்த காலத்துச் சென்னை வீடுகளின் முறைவாசலை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வேறுபாடு ஒன்றே: முறைவாசலில் இன்று யார் முறை என்று வாய்விட்டுச் சொல்லிக் கதவைத் தட்டுவார்கள், தேநீர் முறையில் அது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் எவரும் சொல்வதில்லை.

முன்னோடி நூல்கள் இவ்விஷயத்தில் பெரிதும் ஏமாற்றமளிக்கின்றன. ஜார்ஜ் ஆர்வெல் 1946 ஜனவரியில் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் நாளிதழில் நல்ல தேநீருக்குப் பதினொரு விதிகளை வகுத்தார். 1980இல் பிரிட்டிஷ் தர நிறுவனம், சுவைச் சோதனைக்கென நூறு மில்லிலிட்டர் நீருக்கு இரண்டு கிராம் தேயிலை, ஆறு நிமிட ஊறல் என ஆறு பக்கத்தில் ஒரு தரவிதியை வெளியிட்டு, அதற்காக 1999இல் இக் நோபல் என்னும் பகடிப் பரிசையும் பெற்றது. எப்படிப் போட வேண்டும் என்பதில் இத்தனை நுணுக்கம் காட்டிய இம்மூலங்கள், யார் போட வேண்டும் என்ற அடிப்படைக் கேள்வியைத் தொடவே இல்லை.

அக்கேள்விக்கு விடை வேறோர் ஆவணத்தில் இருக்கிறது. 1879இல் வங்காளத்தின் ரங்கப்பூரில் பிறந்த வில்லியம் பெவரிட்ஜ், 1942 டிசம்பரில் வெளிவந்த, சமூகக் காப்பீடு பற்றிய தம் அறிக்கையில், உழைக்கும்போது எல்லோரும் ஒரு பொதுநிதிக்குச் சந்தா செலுத்த வேண்டும், வேலையிழப்பிலும் நோயிலும் முதுமையிலும் அந்நிதியிலிருந்து உரிமையோடு பெற வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தார். 1946ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம் அதன்மேல் எழுந்தது. இன்றும் முழு அரசு ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 35 ஆண்டுச் சந்தாக் கணக்கு வேண்டும், பத்து ஆண்டாவது இல்லாதவருக்கு ஒன்றும் இல்லை. அறிக்கை வெளிவந்த நாளில் தேயிலையே பங்கீட்டில்தான் கிடைத்தது: 1940 ஜூலை முதல் ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ், பிரபுவுக்கும் அதே அளவு. அந்தக் கட்டுப்பாடு 1952 அக்டோபர் வரை நீடித்தது. தனக்கு வேண்டியபோது பெறுவதற்காகப் பிறருக்குப் போட்டுவைக்கும் தேநீர் முறை, பெவரிட்ஜின் கொள்கையைக் கொதிநீரில் ஊறவைத்த வடிவம் என்பதில் ஐயமில்லை.

எல்லாச் சந்தாத் திட்டங்களுக்கும் உரிய நோய் இதற்கும் உண்டு. கேள்வி எழுப்பப்படும் கணத்தில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, கோப்பை மேசைக்கு வந்ததும் அதைக் கழற்றி நன்றி சொல்பவர் முதல் வகையினர். யாரையும் கேட்காமல் தம் ஒற்றைக் கோப்பையை வயிற்றோடு அணைத்தபடி நழுவிச் சென்று தமக்கு மட்டும் போட்டுக்கொள்பவர் இரண்டாம் வகை. வரி ஏய்ப்பு குற்றம், வரித் தவிர்ப்பு சட்டத்துக்கு உட்பட்டது என்று பிரிட்டன் சட்டம் காணும் நுண்ணிய வேறுபாட்டை இவ்விருவரையும் அருகருகே உட்காரவைத்தால் எளிதில் விளக்கிவிடலாம். ஆய்வாளரின் வியப்புக்கு உரியவர் மூன்றாம் வகையினரே. அவர் தம் முறையில் தட்டாமல் எழுகிறார். தேயிலைப் பையையும் பாலையும் முதலில் கோப்பையில் போட்டு, சரியாகக் கொதியாத நீரை அதன்மேல் ஊற்றி, பை மிதக்கும் சாம்பல் நிறத் திரவத்தை முகமலர்ச்சியோடு ஆறு பேருக்கும் பரிமாறுகிறார். இதை இரண்டு முறை செய்தவரை மூன்றாம் முறை எவரும் எழவிடுவதில்லை. அவர் ஆயுள் முழுவதும் பெறுநராகவே இருந்துவிடலாம். உதவித்தொகை பெறும் ஒருவர் நேர்காணலுக்குப் போய் இப்படி நடந்துகொண்டால் தொகை வெட்டப்படும். அலுவலகத்திலோ, இத்தகையவர் நாளடைவில் மேலாளராகிறார்.

தண்டனை முறையும் ஆராயத்தக்கது. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், உதவி பெறுபவரின் நிலை உதவியின்றி உழைக்கும் கடைநிலைக் கூலியாளின் நிலையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்ற கொள்கையில் ஏழையர் உழைப்பு இல்லங்களை நடத்தியது. அச்சட்டம் 1948இல் முற்றிலும் நீக்கப்பட்டதாகச் சட்ட நூல்கள் கூறினாலும், நெடுங்காலம் எழாதவருக்கு விளிம்பு உடைந்த கோப்பையில், பிறர் பையை ஒருமுறை பிழிந்தெடுத்த பின் கிடைக்கும் வெளிறிய தேநீர் வந்து சேர்வதைக் காணும்போது, அது அடுப்படியில் இன்னும் நடைமுறையில் இருப்பது புலனாகிறது. ஆனால் அதற்குமேல் எவரும் போவதில்லை. 1931இல் வேலையற்றோரின் வீடுபுகுந்து குடும்ப வருமானத்தையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் கணக்கெடுத்த வசதிச் சோதனையைப் போல, மேசை இழுப்பறையைத் திறந்து சொந்த பிஸ்கட் வைத்திருக்கிறாரா என்று பார்க்க ஓர் அதிகாரியை எந்த அறையும் நியமித்ததில்லை. அவருக்கும் ஒரு கோப்பை போட வேண்டியிருக்கும் என்ற கணக்கு எல்லோருக்கும் புரிந்திருக்கிறது.

இந்தப் பொறுமை அறைக்கு வெளியே காணாமற்போவது ஏன்? அறையில் ஆறு பேர். யார் போட்டார், யார் போடவில்லை என்பது கண்முன்னே நடக்கிறது. கையில் மாவுக்கட்டுப் போட்டவரும், வாடிக்கையாளரின் வசையைக் கேட்டபடி தொலைபேசியைக் கீழே வைக்க முடியாமல் தவிப்பவரும் கேட்காமலே தேநீர் பெறுகிறார்கள். கோடிக்கணக்கானோர் வாழும் நாட்டில் அந்தக் கட்டு எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆகவே உடற்குறை உள்ளவருக்கான தனிநபர் சுதந்திரக் கொடுப்பனவைக் கோருபவர், எளிய சாப்பாடு ஒன்றைத் தாமே சமைக்க முடிகிறதா என்பது முதலான கேள்விகளுக்குப் படிவத்தில் விடை எழுதி, எட்டுப் புள்ளி எடுத்தால் ஒரு தொகை, பன்னிரண்டு எடுத்தால் கூடுதல் தொகை என்று மதிப்பெண் பெற வேண்டியிருக்கிறது. முகம் தெரியாத அம்மனிதரை எண்ணிப் பார்க்கும் குடிமகனின் மனத்தில், தான் நன்கறிந்த காதொலிப்பான்காரரின் முகமே வந்து நிற்கிறது. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி ஆறு உதவிகளை ஒன்றாக்கிய யூனிவர்சல் கிரெடிட்டைப் பெறுவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வேலைக்குப் போய்வருபவர்கள், அதாவது கெட்டிலைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள், என்ற செய்தி அந்த முகத்தை மாற்றுவதில்லை. கென்யாவிலும் அஸ்ஸாமிலும் இலங்கை மலையகத்திலும் இலையைப் பறித்து முதல் முறையைப் போட்டவர்களோ இந்தக் கணக்கில் சேர்க்கப்படுவதே இல்லை.

ஒன்றில் மட்டும் அறை பெவரிட்ஜையே மிஞ்சிவிடுகிறது. யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தவர் முதல் தொகைக்குப் பொதுவாக ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை தாங்காதவருக்கு முன்பணம் உண்டு, அது பின்னர் தவணைதோறும் பிடித்துக்கொள்ளப்படும். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கோ, ஒரு சொட்டுச் சந்தாவும் செலுத்தாத நிலையில், பால் எவ்வளவு, சர்க்கரை எத்தனை என்ற இரு கேள்விகளோடு முதல் மணி நேரத்திலேயே தேநீர் வந்துவிடுகிறது. ஐந்து வாரத்தை நியாயப்படுத்தும் அமைச்சர்களும் ஒரு காலத்தில் எங்கோ இப்படித்தான் வரவேற்கப்பட்டிருப்பார்கள்.

பிரிட்டனில் வேலைக்குச் சேரவிருக்கும் தமிழ் வாசகர்கள் இதிலிருந்து ஒன்றை மட்டும் குறித்துக்கொள்வது நல்லது. ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பணிக்கு இருபது நிமிட ஓய்வை 1998ஆம் ஆண்டின் விதிகள் உறுதிசெய்கின்றன. தேநீர் போடுவது பற்றி அவை எதுவும் சொல்லவில்லை. இருப்பினும் இரண்டாம் நாள் காலையிலேயே எழுந்து எல்லோரையும் கேட்டுவிட வேண்டும், போட்டதைக் குடிக்கும்படியும் போட வேண்டும். மூன்றாம் வாரத்தில் எழுபவர் எத்தனை கோப்பை போட்டாலும், வாங்கிய பெயர் மாறுவதில்லை.