கறுப்பு டேப் ஒட்டிய தேசம்

தலவாக்கலையில் பழைய கார் வாங்கப் போகிறவர் எரிகிற விளக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எரியாத விளக்கைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருகுங்கள். செக் எஞ்சின், ஏபிஎஸ், எயார்பேக், ஒயில் என்று எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து காட்ட வேண்டும். வண்டி தன் விளக்குகளைத் தானே சரிபார்க்கும் முறை அது. அதில் செக் எஞ்சின் மட்டும் இருட்டாக இருக்கிறதா? "வண்டியில் ஒரு குறையும் இல்லை" என்பார் விற்கிறவர். பல்பைப் பிடுங்கிவிட்டார் என்று நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மனச்சாட்சி உள்ளவர் பல்பைப் பிடுங்க மாட்டார். மேலே கறுப்பு டேப் ஒட்டுவார்.

இதைவிட நாகரிகமான வழியும் உண்டு. ஸ்கேனரைச் செருகி 'கிளியர்' அமுக்குவது. விளக்கு அணையும். வாங்குகிறவர் மனம் குளிரும். நானுஓயாப் பக்கம் ஏறும்போது திரும்ப எரியும். அதற்குள் கைமாறிய காசு செலவாகியிருக்கும்.

மழைக்காலத்தில் எந்தக் கராஜுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். பத்து வருடம் ஓடிய ஜப்பான் கார் ஒன்று நிற்கும். செக் எஞ்சின், ஏபிஎஸ், விஎஸ்சி, சிவப்பில் பிரேக். நான்கும் ஒன்றாக. ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் சொக்கெட்டில் ஸ்கேனர் ஏறும். கோட்கள் வரிசையாக இறங்கும். பையன் அதைச் சாமான் பட்டியலாகவே வாசிப்பான்.

"பி0420. கெடலிட்டிக் போயிருச்சுண்ணே. சி0200, முன் வீல் சென்சர். யு0100, அது எஞ்சின் கம்பியூட்டர். எல்லாம் மாத்தணும்."

"எல்லாமே ஒரே நாள்லயா தம்பி போச்சு?"

"மெசின் சொல்லுதுண்ணே."

மெசின் அப்படிச் சொல்லவில்லை. கோட் என்பது முறைப்பாடு. பொலிஸில் ஒருவர் முறைப்பாடு கொடுத்தார் என்பதற்காக எதிராளியை அன்றைக்கே தூக்கில் போடுவதில்லை. யு0100 என்றால் எஞ்சின் கம்பியூட்டரோடு பேச முடியவில்லை என்று வேறொரு பெட்டி முறையிடுகிறது. அவ்வளவுதான். கம்பியூட்டர் செத்திருக்கலாம். அதற்குப் போகும் கரண்ட் குறைந்திருக்கலாம். பல டொயோட்டாக்களில் எஞ்சினில் ஒரு கோளாறு பதிவானால், வண்டி சறுக்காமல் காக்கும் விஎஸ்சி தானாக விலகிக்கொண்டு தன் விளக்கையும் எரியவிடும். விளக்கு நான்கு, நோய் ஒன்று.

ஆகவே முதலில் தேவைப்படுவது மலிவான ஒரு வோல்ட் மீட்டர். ஆறிக் கிடக்கும் நல்ல பெட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8க்கும் 14.4க்கும் இடையில். அது சரியில்லாமல் வேறு எதைப் பார்த்தும் புண்ணியமில்லை. அடுத்தது எர்த் வயர். பெட்டரியிலிருந்து பொடிக்கும் எஞ்சினுக்கும் போகும் அந்தத் தடித்த வயரின் நுனியைக் கழற்றிப் பாருங்கள். இங்கே மழையும் பனியும் மாறி மாறி அடிப்பதில் அது பச்சைப் பூ பூத்துக் கிடக்கும். உப்புத்தாளால் தேய்த்து, நட்டை இறுக்கினால் பாதிக் கோட்கள் மாயமாகும் வண்டிகள் எத்தனையோ. அதற்குப் பிறகும் நிற்கிற கோட்டுக்குத்தான் மரியாதை கொடுக்க வேண்டும். அது எழுந்தபோது வண்டி என்ன வேகத்தில் போனது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது என்றுகூட வண்டி எழுதி வைத்திருக்கும். கிளியர் அமுக்கினால் அந்தச் சாட்சியமும் அழிந்துபோகும்.

உப்புத்தாளுக்கு என்ன பில் போட முடியும்? சென்சருக்குப் போடலாம். கம்பியூட்டருக்குப் போடலாம். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று 2024 இல் முடிவானது. அதற்கே எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை கறுப்புக் கொடி. ஒரு லயத்துப் பிள்ளை கடன்பட்டு வாங்கிய ஹயர் வண்டிக்குப் பையன் வாசிக்கும் பட்டியலை அந்தச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். தலை சுற்றும்.

கராஜ் பையனைத் திட்டி முடித்துவிட்டால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அவனுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தது யார்?

2008 இல் புகைப் பரிசோதனை வந்தது. வருடா வருடம் காசு கட்டி, வரிசையில் நின்று, பத்திரம் வாங்கினால்தான் வருமான அனுமதிப்பத்திரம். பின்னால் குழாயில் கருவியைச் செருகுகிறார்கள். முன்னால் டாஷ்போர்ட் கார்த்திகைத் தீபமாக எரிந்துகொண்டிருக்கும். ஏபிஎஸ் இல்லையா, பரவாயில்லை. எயார்பேக் விரியாதா, அது உங்கள் தலையெழுத்து. புகை சுத்தம், நீங்களும் சுத்தம். பதினாறு பின் சொக்கெட் சும்மா கிடக்கிறது. கலிபோர்னியாவில் 2000 மாடலிலிருந்து வந்த பெற்றோல் கார்களுக்கு அந்தச் சொக்கெட்டில்தான் சோதனையே. வாசலில் நின்று கோட்களை அழித்துவிட்டு உள்ளே போனால் பிடிபடுவீர்கள். அழித்த பிறகு வண்டி தன் உறுப்புகளைத் திரும்பச் சோதித்து முடிக்கவில்லை என்பதை அந்தக் கம்பியூட்டரே காட்டிக்கொடுக்கும். 2015 இல் மாட்டிய வொக்ஸ்வேகன் சோதனையில் மட்டும் ஒழுங்காக நடக்கும் மென்பொருளை எழுதி, 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் ஏற்றியிருந்தது. பாவம், எவ்வளவு செலவு! நமக்கு ஒரு சுருள் டேப் போதும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருடம். ஓட்டை வண்டிக்குத் தங்க விலை. வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். பழுதடைய வேண்டிய வயதில் கார்கள் பொக்கிஷமாகிவிட்டன. பொக்கிஷத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தால் விலை குறையும். டேப் பிறந்தது இப்படித்தான். கதவைத் திறந்தபோது காரின் விலையையே விழுங்கும் வரியோடு திறந்தார்கள். இதே நாட்டில்தான் எம்பிக்களுக்குத் தீர்வையில்லாப் பெர்மிட் வழங்கினார்கள். வாங்கியவர்களில் பலர் அதைக் கோடிக்கணக்கில் விற்றும் தின்றார்கள். அவர்கள் டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரிந்திருக்காது.

டேப் ஒட்டுகிறவன் ஒருவன். பள்ளத்துக்குப் போகிறவன் வேறொருவன். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்லயில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து ஒரு வேனிலும் ஓட்டோவிலும் மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். ஏழு பேரும் வேனிலும் ஓட்டோவிலும் இருந்தவர்கள். அந்த பஸ்ஸின் டயரையோ பிரேக்கையோ பார்க்க அவர்களுக்கு எந்த வழியும் இருந்ததில்லை. எதிரே வந்தார்கள், அவ்வளவுதான். 2025 மே 11 அன்று கொத்மலை கரண்டியெல்லயில் பள்ளத்தில் விழுந்தது இ.போ.ச. பஸ். அரசாங்கத்தின் சொந்த பஸ். இருபதுக்கு மேற்பட்டோர் போனார்கள். ஒவ்வொரு தடவையும் விசாரணைக் குழு அமைப்பதில் மட்டும் ஒரு தாமதமும் இருந்ததில்லை.

டேப் ஒட்டாத எச்சரிக்கையையும் வாசிக்கத் தெரிய வேண்டுமே. ஜப்பானிலிருந்து வந்த காரின் திரை ஜப்பானிய மொழியில் ஏதோ எச்சரிக்கும். ஓட்டுகிறவர் தலையாட்டிவிட்டுப் போவார். மலையகத் தமிழருக்கு இதில் நல்ல பயிற்சி உண்டு. சிங்களத்தில் மட்டும் வந்த கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு யாராவது வாசித்துச் சொல்வார்களா என்று காத்திருந்து பழகியவர்கள் நாம்.

காரில் மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் நிறுத்து. மண்சரிவு எச்சரிக்கைக்கும் அதே நிறங்கள்தான். மஞ்சள் விழித்திரு, செம்மஞ்சள் தயாராகு, சிவப்பு வெளியேறு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும். நன்றாகத்தான் சொல்லும். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் ஆபத்தானது, ஆட்களை வேறிடத்தில் குடியேற்றுங்கள் என்று 2005 இல் எச்சரித்தார்கள். 2011 இலும் எச்சரித்தார்கள். கடிதங்கள் கோப்புக்குள் போயின. கோப்புக்கு டேப் தேவையில்லை, நாடா போதும். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. எச்சரித்தோமே, அவர்கள்தான் போகவில்லை என்று மேலிடத்திலிருந்து விளக்கம் வந்தது.

எங்கே போவது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நிலம் அரசுக்குச் சொந்தம். வேலையை விட்டால் கூரையும் போகும். வெளியேறு என்று சொன்னவர்கள் எந்தக் காணிக்கு என்று சொல்லவில்லை. அதைச் சொல்வது யார் பொறுப்பு என்று கம்பெனியும் கச்சேரியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

பிறகு தப்பியவர்களுக்கு மாகல்தெனியாவில் 75 வீடுகள் கட்டி 2016 இல் சாவி கொடுத்தார்கள். மாலை, மேடை, படம் எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. அப்படியானால் காணி இருந்திருக்கிறது. காசும் இருந்திருக்கிறது. 2005 இலும் அந்தக் காணி அங்கேதான் கிடந்தது.