பல்சுவை பதில்கள்

கேள்வி: பல்லுக்கு மறுசுழற்சி ஜிர்கோனியா பீங்கான் கேப் என்கிறார்களே, யார் வாயிலிருந்தாவது கழற்றியதா?
– சந்தேகப் பிராணி, சேலம்

பதில்: எச்சில் படாத சரக்கு, பயப்படாதீர்கள். லேபில் வட்டமான டிஸ்கிலிருந்து மெஷின் பல்லைக் கடைந்தெடுத்ததும் மிஞ்சுகிற ஓரமும் தூளும்தான். எச்சில் இனிமேல், உங்களுடையது.

கேள்வி: தூள் மறுபடி பல்லாவது எப்படி?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: அரைத்து, சலித்து, கசடு நீக்கி, அச்சில் அழுத்தி, 1,500 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சுட வேண்டும். சூளையில் சுமார் 20 சதவீதம் சுருங்கும். சில மணி நேரத்தில் இளைக்க ஆசையா? ஜிர்கோனியாவாகப் பிறக்க வேண்டும்.

கேள்வி: கடலை மிட்டாய் கடிக்கலாமா?
– இனிப்புப் பிரியர், கோவில்பட்டி

பதில்: படிகத்தை நிலைப்படுத்தும் இட்ரியா 3 மோல் சதவீதம் கலந்த புதுச் சரக்கின் வளைவு வலிமை 1,000 மெகாபாஸ்கல் அளவுக்கு இருக்கும். மறுசுழற்சியில் நுண்துளை மிஞ்சினால் அது இறங்கும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஆனால் முதலில் கவலைப்பட வேண்டியது பக்கத்திலிருக்கும் உங்கள் சொந்தப் பல்லுக்காக.

கேள்வி: விரிசலை ஜிர்கோனியாவே அடக்கிக்கொள்ளுமாமே, கதைதானே?
– நம்பாதவர், நாமக்கல்

பதில்: நிஜம். விரிசலின் முனையில் படிகம் உருமாறி, 4-5 சதவீதம் பருத்து, அதை நெருக்கி நிறுத்தும். 1975இல் ஆய்வாளர் கார்வியும் சகாக்களும் 'நேச்சர்' இதழில் 'பீங்கான் எஃகு?' என்று தலைப்பிட்டார்கள். விளம்பரக்காரர்கள் கேள்விக்குறியை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: ஈரத்திலேயே கிடந்தால்?
– மழைக்காலவாசி, நாகர்கோவில்

பதில்: அதே உருமாற்றம் ஈரத்தில் மெல்ல நடந்தால் மேற்பரப்பு சொரசொரக்கும், பலம் குறையும். 2001இல் ஜிர்கோனியா இடுப்பு மூட்டுப் பந்துகள் சில உடைந்து, திரும்பப் பெறப்பட்டன. பழி விழுந்தது சூளையை மாற்றியதன் மேல். தூளைப் பழிக்குமுன் சுட்டவரை விசாரிக்கவும்.

கேள்வி: முன்பல்லுக்கு ஆகுமா?
– வரன் தேடுபவர், மதுரை

பதில்: ஒளி உள்ளே புகுந்தால்தான் பல், பல்லாகத் தெரியும். நுண்துளை ஒளியைச் சிதறடித்து வெளிறவைக்கும். பல ரகத் தூள் கலந்தால் நிறமும் குழம்பும். மிஞ்சிய இட்லியை உப்புமா ஆக்குவது சாமர்த்தியம். இட்லி என்று சொல்லிப் பெண் வீட்டாருக்குப் பரிமாறாதீர்கள்.

கேள்வி: இட்ரியாவைக் கூட்டினால் அழகு வருமே?
– பாதி தெரிந்தவர், பாளையங்கோட்டை

பதில்: வரும். 5 மோல் சதவீதத்தில் கனசதுரப் படிகம் பெருகி ஒளி நன்றாகப் புகும், பலம் குறையும். முழுக்கக் கனசதுரமானால் அமெரிக்கன் டைமண்ட்! கல்யாணப் பெண் சிரித்தால் பல்லும் மூக்குத்தியும் ஒரே குடும்பம்.

கேள்வி: எதிர்ப்பல் தேயாதா?
– குமாஸ்தா, வேலூர்

பதில்: நன்றாக மெருகேற்றினால் அவ்வளவாகத் தேயாது. கடினம் குற்றமில்லை, கரடுமுரடுதான் குற்றம். உங்கள் மேலதிகாரிக்கும் படித்துக்காட்டுங்கள்.

கேள்வி: எல்லாம் வெள்ளைக்காரன் சரக்குதானே?
– சுதேசி, தூத்துக்குடி

பதில்: 1789இல் ஜெர்மானியர் கிளாப்ராத் ஜிர்கோனியாவின் உலோகமான ஜிர்கோனியத்தைக் கண்டறிந்ததே இலங்கைக் கல்லில். அதன் கனிமம் நம் மணவாளக்குறிச்சிக் கடல்மணலிலும் உண்டு. காலால் மிதித்ததைத்தான் காசு கொடுத்து வாயில் வைக்கிறோம்.

கேள்வி: மறுசுழற்சி என்றால் விலை குறைப்பார்களா?
– சிக்கனவாதி, காரைக்குடி

பதில்: இப்போதைக்கு அது பெரும்பாலும் ஆய்வுக்கூடச் சரக்கு. வந்தபின் கேட்டுப் பாருங்கள். எப்போதும் 'வாயைத் திறங்க' என்கிற டாக்டர், முதல்முறையாக 'மூடுங்க' என்பார்.