மேடையில் அல்லி, தரையில் நாம்

கேள்வி: விடிய விடிய நடக்கும் குடும்ப நாடகத்தை யார்தான் உட்கார்ந்து பார்ப்பார்கள்? (வாசகர், ராஜபாளையம்)

பதில்: உட்கார்ந்தா? பாதிப் பேர் படுத்துக்கொண்டுதான்! கோயில் பொங்கலுக்கு வைக்கிற ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் காமிக் முடியவே நடுச்சாமம் ஆகிவிடும். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) ‘பவளக்கொடி’ என்றால் கேட்கவே வேண்டாம். மனைவியாக மதுரை அல்லி ராணி இருக்க, அர்ச்சுனனுக்குப் பவளக்கொடியும் வேண்டும். “நல்லா கேளு தாயி!” என்று பெண்கள் பக்கமிருந்து அல்லிக்குக் குரல் வரும். சரியாக அந்த நேரத்தில்தான் ஆண்களுக்கு டீ தாகம் எடுக்கும். நடிகர்கள் சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை, மேடையில்தான் சந்திப்பார்கள். அதனால் இருவரின் தர்க்கம் எப்போது முடியுமென்று அவர்களுக்கே தெரியாது. விடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய அர்ச்சுனர்களும் உண்டு.