போர்ட்டா, ஹார்பரா?

கோவையிலிருந்து வந்திருக்கும் என் மச்சான் ஆங்கில ஆசிரியர். கப்பல் பார்க்கத் தனியாகக் கிளம்பியவர், ஆட்டோக்கார அண்ணாச்சியிடம் 'ர்' காதில் விழாத சீமை உச்சரிப்பில் "போர்ட்" என்றாராம். அவர் காதில் விழுந்தது "போட்டு". போட்டு நிற்கிற இடம் மீன்பிடித் துறைமுகம்தானே? நியாயமாக அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

போன் வந்தது. "மாப்ளே, ஐஸ் உடைக்கிறாங்க, சீலா மீனுக்கு விலை பேசுறாங்க. கப்பலைத்தான் காணோம்!"

ராத்திரி இட்லிக்கு நடுவே பாடம் ஆரம்பித்தது. "எல்லாத்துக்கும் துறைமுகம்னு ஒரே வார்த்தையை வச்சிருக்கீங்க, அதான் குழப்பம். ஹார்பர்னா அலை அடங்கின தண்ணி, கப்பல் ஒதுங்குற இடம். போர்ட்னா சரக்கு ஏத்தி இறக்குற இடம். சுங்கம், கூலி, கணக்கு வழக்கு எல்லாம் அங்கதான்."

சரியாகத்தான் சொன்னார். ஆனால் அதை எங்கள் ஊருக்கே வந்து சொல்லியிருக்க வேண்டாம். தூத்துக்குடி நெடுங்காலம் ஹார்பர் இல்லாத போர்ட். கரையோரம் ஆழமில்லை, கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளி நடுக்கடலில் நிற்கும், மூட்டையெல்லாம் தோணியில் போய்ச் சேரும். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இப்படி ஒதுங்க இடமில்லாத கரையில்தான். பிறகு கடலுக்குள் ஆளுக்குச் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு கல் கைகளை நீட்டி, அலையை வெளியே நிறுத்தி, ஹார்பரைச் செய்தே எடுத்தார்கள். 1974 ஜூலை 11-இல் அது நாட்டின் 10-ஆவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. தோணிகள் மட்டும் பழைய துறைமுகத்தை விடவில்லை. காய்கறி ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வருகின்றன.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். மச்சான் அசரவில்லை, இன்னும் இரண்டு இட்லி கேட்டார்.

அப்போதுதான் வார்த்தையின் அருமை எனக்கு உறைத்தது. பத்து நாளாக எங்கள் வீட்டில் நங்கூரம் போட்டிருக்கிறார். சரக்கு எதுவும் இறக்கவில்லை, சுங்கமும் கட்டவில்லை. அவர் இலக்கணப்படி எங்கள் வீடு சுத்தமான ஹார்பர். "போர்ட்டாக்க ஏதாவது வழியுண்டா?" என்று மனைவியிடம் மெல்லக் கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏறியது.

நீங்கள் தூத்துக்குடிக்கு வந்தால் ஆட்டோவில் இங்கிலீஷ் வேண்டாம். "புதுத் துறைமுகம்" என்று சொல்லுங்கள், நேரே கப்பலுக்குக் கொண்டுபோய் விடுவார்கள்.